டெல்லி–பாக்டோக்ரா: கஞ்சன்ஜங்கா தெரியும் சீட்

டார்ஜிலிங்குக்குப் பக்கத்து விமான நிலையமான பாக்டோக்ராவுக்குப் போகும் வழியில் விமானத்திலிருந்தே கஞ்சன்ஜங்கா சிகரத்தைப் பார்த்துவிடலாம் என்று ஜன்னல் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியும் மூன்று தடவை கோட்டைவிட்டேன். முதலில் எஃப், அதாவது வலதுபக்க ஜன்னல்: வெறும் சமவெளி, முகத்தில் வெயில். அடுத்து ஏ, ஆனால் இறக்கைக்கு நேர் மேலே. மூன்றாவதுதான் கொடுமை, போயிங் 737-இல் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைச் சுவர், அதற்குள் ஏசி குழாய் போகிறதாம்.

அப்புறம்தான் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். போவது கிழக்கே, மலை வடக்கே, ஆக இடதுபக்கம், ஏ. இறக்கைக்குப் பின்னால் என்றால் இன்ஜின் வெப்பக்காற்றில் படம் கலங்கிவிடும், அதனால் 4ஏ எடுத்தேன். இறங்க அரைமணி இருக்கும்போது தூரத்தில் மேகம் மாதிரி ஒன்று, ஆனால் விளிம்பு கத்தி போல. அதேதான்!

திரும்பி வரும்போது பழக்கதோஷத்தில் மறுபடி ஏ போடப் போனேன். அப்போது மலை வலதுபக்கம், ஆக எஃப்.