சொந்தமாகக் கட்டிய தெளிப்பு ட்ரோனை டெல்டாவில் சட்டப்படி பறக்கவிடுவது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் மருந்து தெளிக்கும் ட்ரோனை விலைக்கு வாங்காமல் தாமே கட்டிப் பார்க்க விரும்பும் மாணவர் குழுக்களுக்காகவும் பட்டறைக்காரர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கட்டுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பறக்கவிடுவதற்குத்தான் விதிகள் உண்டு. அந்த விதிகளும் சோதனைப் பறப்பு, தொழிற்பறப்பு என்ற இரண்டையும் வெவ்வேறாக நடத்துகின்றன. முதலாவதற்குக் கிடைக்கும் சலுகை மிகத் தாராளமானது, ஆனால் அது உங்கள் வரப்போடு முடிந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படிக்க வேண்டும்.

ஆள் ஏறும் விமானங்களிலும் இதே பிரிவினைதான் நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவில் ஒருவர் தம் விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியிருந்தால் அதற்குச் ‘சோதனை’ வகையில் பறப்புத் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் இணைந்திருந்தால் 25 மணி நேரமும், இல்லையென்றால் 40 மணி நேரமும் வரையறுத்த பகுதிக்குள் பறந்து காட்டுவதே அங்கு நீண்டகால வழக்கம். அதற்குப் பிறகும் அந்த விமானத்தை வாடகைக்கு ஓட்ட முடியாது. இந்தியாவில் மும்பை விமானி அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2017-இல் விடி-என்எம்டி என்று பதிவு பெற்றது; சோதனையாகப் பறக்க அனுமதி 2019-இல்தான் வந்தது. ட்ரோன் கட்டுபவருக்கு இவ்வளவு காத்திருப்பு இல்லை என்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின் நல்ல பக்கம்.

முதலில் எடையைத் தீர்மானியுங்கள். ஏற்றிய சுமையும் சேர்ந்த மொத்த எடையை வைத்து விதிகள் ஐந்து வகுப்புகளைப் பிரிக்கின்றன: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. 10 லிட்டர் தொட்டி வைத்த தெளிப்பு ட்ரோன்கள் பெரும்பாலும் 25 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வடிவமைக்கப்படுவது தற்செயல் அல்ல. தண்ணீர் மட்டுமே 10 கிலோ போய்விடுவதால் சட்டகம், மோட்டார்கள், பம்பு, பேட்டரி எல்லாவற்றையும் 15 கிலோவுக்குள் அடக்கியாக வேண்டும். சில நூறு கிராம் கூடினாலும் வகுப்பு மாறும், விமானியின், அதாவது ட்ரோனை இயக்குபவரின், பயிற்சிச் சான்றிதழும் அந்த வகுப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். எனவே காகிதக் கணக்கை நம்பாமல், முத்திரையிட்ட மின்னணுத் தராசில் வெறும் சட்டகம், பேட்டரியுடன், நிறைந்த தொட்டியுடன் என மூன்று நிலைகளிலும் எடை எடுத்து எழுதி வையுங்கள். நெல் மூட்டை நிறுக்கும் தராசு இதற்குத் தாராளமாகப் போதும்.

உதிரிப் பாகங்கள் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனாகவோ, பிரித்த தொகுப்பாகவோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிரத் தடை செய்யப்பட்டுள்ளது. மோட்டார், ஃபிளைட் கன்ட்ரோலர் (பறப்பை நிலைப்படுத்தும் மின்னணுப் பலகை) போன்ற பாகங்களைத் தனித்தனியாக வரவழைக்கத் தடையில்லை. இணையத்தில் ‘பூட்டினால் போதும்’ என்று விற்கப்படும் முழுத் தொகுப்பை வாங்குபவர் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

இனி சோதனைச் சலுகைக்கு வருவோம். கல்வி நிறுவனம், அரசு ஏற்ற ஆராய்ச்சி அமைப்பு, மத்தியத் தொழில் ஊக்குவிப்புத் துறையின் அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனம், அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு, ஜிஎஸ்டி எண் உள்ள ட்ரோன் தயாரிப்பாளர் ஆகியோர் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் பறக்கவிடும்போது வகைச் சான்றிதழ் (மாடலின் வடிவமைப்புக்குத் தரப்படுவது), தனி அடையாள எண் (ஒவ்வொரு ட்ரோனுக்குமான பதிவு எண்), விமானிச் சான்றிதழ் ஆகிய மூன்றிலிருந்தும் விலக்குப் பெறுகிறார்கள். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: பறக்கும் இடம் பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதியில், இருக்க வேண்டும், அது சொந்த வளாகமாகவோ, அவர்களது கட்டுப்பாட்டில் உள்ள திறந்த வெளியாகவோ இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் தனிநபர் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாட்டுக்கொட்டகையில் ட்ரோன் பூட்டும் ஒருவருக்கு, அருகிலுள்ள பாலிடெக்னிக்குடன் சேர்ந்து அதன் திட்டமாக நடத்துவது, அல்லது தயாரிப்பாளராக ஜிஎஸ்டி பதிவு எடுப்பது என இரண்டு நேர்வழிகள் உள்ளன. முதலாவதே செலவு குறைந்தது, கூடவே ஒரு ஆசிரியரின் மேற்பார்வையும் கிடைக்கும் என்பது என் கருத்து.

இதற்குப் பக்கத்திலேயே ‘மாதிரி’ ட்ரோன் என்று இன்னொரு வாசலும் உண்டு. 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்ணில் படும் தொலைவுக்குள் பறப்பது இந்த வகையைச் சேரும். இது தனிநபருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் இதில் நீங்குவது வகைச் சான்றிதழ் மட்டுமே. இரண்டு சலுகைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் பதிவு எண்ணே வேண்டாம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

‘கட்டுப்பாட்டில் உள்ள திறந்த வெளி’ என்ற நிபந்தனை டெல்டாவில் கொஞ்சம் சிக்கலானது. இங்கே உழுபவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில், நிலமோ கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம் என்பது சாதாரணம். விதி கையெழுத்துத் தாள் எதையும் வெளிப்படையாகக் கேட்கவில்லை என்றாலும், சோதனை நடக்கும் சர்வே எண், குத்தகைதாரரின் எழுத்து மூலச் சம்மதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது; ஊர்க்காரர் யாரேனும் காவல் நிலையத்தில் புகார் சொன்னால் முதலில் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். பக்கத்து வயல்காரர் ‘நமக்கும் ஒரு வட்டம் அடித்துவிடுங்களேன், தம்பி’ என்று கேட்பது நிச்சயம். அங்கே காசு வாங்காமல் தெளித்தாலும், அந்த நிலம் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, நடப்பது ஆராய்ச்சியும் இல்லை. மறுத்துவிடுவதே முறை.

மண்டலம் பார்ப்பதை ஒரு சடங்காக எண்ண வேண்டாம். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்கள் உள்ளன. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி தேவையில்லை; விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையான வளையத்தில் அது 200 அடியாகக் குறைகிறது; 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள் தொடங்குவதால், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். ‘நம் ட்ரோன் பயிருக்கு மேல் ஓரிரு மீட்டர் உயரத்தில்தானே போகிறது’ என்ற வாதம் திருச்சி விமான நிலையத்தின் அருகில் செல்லாது என்பதற்குக் காரணம் இதுவே. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு ஒன்று அங்கு இயங்குகிறது. அத்தளத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் புரொப்பெல்லரைச் சுழற்றக்கூடக் கூடாது. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இன்றி அங்கே வேலையில்லை. பச்சையாக இருக்கும் இடத்தையும் மாநில அரசோ காவல் துறையோ ஒரே அறிவிப்பில் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக்கலாம். பெருந்திருவிழாக்களும் தலைவர்கள் வருகையும் நிறைந்த மாவட்டங்கள் இவை. நேற்றுப் பார்த்த வரைபடத்தை இன்றைக்கு நம்ப வேண்டாம்.

சோதனையை எந்தப் பருவத்தில் வைப்பது என்பதில் சட்டம் தலையிடுவதில்லை, காற்று தலையிடும். மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று விடாமல் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சம்பா அறுவடைக்குப் பின் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் எடுக்கப்பட்ட பிறகு, பங்குனி முதல் வைகாசி தொடக்கம் வரை, காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை கிடைக்கும் அமைதியான காற்றே முதல் பறப்புக்கு ஏற்றது. வயல் காய்ந்து இறுகியிருப்பதால், விழுந்த ட்ரோனைச் சேற்றிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியும் வராது.

முதல் நாள் புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு மோட்டார்கள் சரியான திசையில் சுழல்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பின்பு வெறுந்தொட்டியுடன் மார்பளவு உயரத்தில் நிலையாக நிறுத்துங்கள். அது அலையாமல் நின்ற பிறகே தண்ணீர் ஏற்ற வேண்டும். தொட்டி நிறைந்திருக்கும்போதும் முற்றிலும் காலியாக இருக்கும்போதும் பெரிய தொந்தரவு வராது. பாதி நிறைந்த தொட்டிதான் சோதனை. திரும்பும்போதும் சட்டென நிற்கும்போதும் தண்ணீர் ஒரு பக்கமாக மோதி எடை மையத்தை இழுக்கும், கன்ட்ரோலர் அதைச் சரிசெய்ய முயலும், அடுத்த கணம் தண்ணீர் எதிர்ப்பக்கம் மோதும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து, கால், அரை, முக்கால் என ஒவ்வொரு அளவிலும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சோதியுங்கள். இந்தக் கட்டம் முழுவதும் வெறும் தண்ணீர் மட்டுமே; தெளிப்பின் பரவலைப் பார்க்கச் சாயம் கலந்த தண்ணீரும் தரையில் விரித்த வெள்ளைத் தாளும் போதும்.

அடுத்து, வேண்டுமென்றே பழுதுகளை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். ரிமோட்டை அணைத்தால் என்ன செய்கிறது, பேட்டரி குறைந்தால் எப்போது எச்சரிக்கிறது, ஜிபிஎஸ் போனால் எப்படி இறங்குகிறது, குறித்த எல்லையைத் தாண்ட முயன்றால் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானே உயர்ந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் ஏற்பாடு நம் ஊரில் தனிக் கவனம் கேட்கும். திரும்பும் உயரம் சுற்றிலுமுள்ள மிக உயரமான தென்னையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதே சமயம், பம்பு செட்டுக்குப் போகும் மின்கம்பிக்கு நேர் கீழே இருக்கும்போது இது நேர்ந்தால் ட்ரோன் கம்பியில்தான் போய் மோதும். எனவே கம்பிக்கு இருபுறமும் ஒரு விலக்குப் பட்டையை வரைபடத்திலேயே குறித்து, அதற்குள் பறக்கவே விடக் கூடாது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் சோதிப்பவர்கள் கடற்காற்றின் உப்பு கனெக்டர்களை அரிக்கிறதா என்றும் வாராவாரம் திறந்து பார்ப்பது அவசியம்.

அமெரிக்க வழக்கத்தின் 40 மணி நேரக் கணக்கை அப்படியே இங்கு எடுப்பதில் பொருளில்லை. கால் மணி நேரம்கூட நிற்காத ட்ரோனுக்கு மணிகளைவிட நிலைமைகளின் எண்ணிக்கையே முக்கியம். ஒவ்வொரு பறப்புக்கும் தேதி, காற்றின் வேகம், ஏற்றிய எடை, பேட்டரியின் முன்பின் மின்னழுத்தம், மென்பொருளின் பதிப்பு, நேர்ந்த கோளாறு ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். ஒரு திருகை மாற்றினால்கூட அதையும் எழுதுங்கள். பின்னால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் கேள்விகள் பலவற்றுக்கு இந்த நோட்டே விடை சொல்லும்.

ஊருக்குத் தெளித்துக் கூலி வாங்க வேண்டும் என்ற எண்ணம் வந்த நாளிலிருந்து மேற்சொன்ன சலுகைகள் பயன்படா. அப்போது அந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் வேண்டும். டி-1 படிவத்தில் விண்ணப்பித்து, முன்மாதிரி ட்ரோனையும் வடிவமைப்பு ஆவணங்களையும் இந்தியத் தரக் கவுன்சில் வழியாகவோ அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு வழியாகவோ ஒப்படைக்க வேண்டும். அவர்களது சோதனை அறிக்கையின் பேரில் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) சான்றிதழ் வழங்குகிறது. சோதனைகள் எந்த அளவுகோலில் நடக்கும் என்பதை 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சான்றளிப்புத் திட்டம் விரித்துச் சொல்கிறது. வடிவமைக்கும் முன்பே அதைப் படித்துவிடுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். சான்றிதழ் மாடலுக்கு உரியது என்பதால், அதன்படி கட்டப்படும் ஒவ்வொரு ட்ரோனுக்கும் டி-2 படிவத்தில் தனி அடையாள எண் பெற வேண்டும்; அதற்குக் கட்டணம் 100 ரூபாய். சோதனை அமைப்பு வாங்கும் கட்டணம் வேறு. இந்த நூறு ரூபாயைப் பார்த்து மொத்தச் செலவை மதிப்பிட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு ட்ரோன் மட்டும் போதும் என்பவருக்கு, சான்றிதழ் பெற்ற மாடலை வாங்குவதே கட்டுப்படியாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விமானிச் சான்றிதழுக்கு 18 முதல் 65 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தில் அந்த வகுப்பு ட்ரோனுக்கான பயிற்சியும் வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். மூன்றாம் தரப்புக் காப்பீடு நானோ தவிர எல்லாவற்றுக்கும் கட்டாயம். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். தெளிக்கும் மருந்து ட்ரோன் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டதா என்பதை வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. விதிப்படி சோதனை அறிக்கைக்கு 60 நாட்களும், அதன்மேல் சான்றிதழுக்கு 15 நாட்களும் ஆகும். குறை கண்டு திருப்பினால் கணக்கு நீளும். சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் தெளிக்க ஐப்பசியில் இறங்க விரும்பும் குழு, பதிவு எண், காப்பீடு, விமானிப் பயிற்சி ஆகியவற்றுக்கும் இடம்விட்டு, வைகாசி முடிவதற்குள் டி-1 படிவத்தைச் சமர்ப்பித்துவிட வேண்டும்.