கதவுப் பேனலின் கடகட சத்தம் நின்றது

கார் மேடுபள்ளத்தில் ஏறினாலே கடகடவென்று சத்தம். டேஷ்போர்டு என்றுதான் முதலில் நினைத்தேன். காருக்குள் காதை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்யக் கூடாது. தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பேனலாக உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். கதவுப் பேனலின் கீழ்மூலையை அழுத்தியதும் சத்தம் நின்றது.

திருகுகளைக் கழற்றி, பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாக நெம்பினேன். நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பெயின்டில் கீறல் விழும். உள்ளே பேனலைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் இரண்டு உடைந்திருந்தன, மாற்றினேன். அப்புறம் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் விளிம்புகளிலும், ஆடிக்கொண்டிருந்த வயரிலும் துணி டேப் ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைப்பது ரொம்ப முக்கியம். இல்லையென்றால் வெயில் சூட்டில் டேப் உரிந்து வந்துவிடும். ஏர்பேக் உள்ள பேனலை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மூன்று மாதமாகச் சத்தமே இல்லை.