அணியைத் திருப்பி அனுப்பும் செயற்கூறு: என் அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பேச்சு தமிழிலும் பதிவேடு மலையாளத்திலும் நடக்கும் ஒரு பால் சங்கத்துக்காக யாரோ சி மொழியில் எழுதிவைத்திருந்த நிரலைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. காலைப் பாலின் கொழுப்பு அளவு முதல் வரியில் 4.2 என்று ஒழுங்காக அச்சாகி, அடுத்த வரியிலிருந்து பொருளற்ற எண்களாக மாறியது.

அளவுகளைப் படிக்கும் செயற்கூறு (ஃபங்ஷன், ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) தனக்குள்ளேயே ஓர் அணியை (அர்ரே, வரிசையாக வைத்த மதிப்புகளின் தொகுப்பு) அறிவித்து, அதன் நினைவக முகவரியைப் பாயிண்டராக, அதாவது முகவரியைக் குறிக்கும் மதிப்பாக, திருப்பி அனுப்பியது. அந்த அணி, செயற்கூறு ஓடும்வரை மட்டும் அதற்கு ஒதுக்கப்படும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கில் இருப்பது. செயற்கூறு முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்துவிடுகிறது. பிறகு அழைக்கப்படும், அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப் அதே இடத்தைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டதால் மதிப்புகள் அழிந்தன. அந்த அழைப்புக்கு முன்பே படிக்கப்பட்டுவிட்டதால் முதல் மதிப்பு மட்டும் தப்பியது. முகவரியை வேறொரு பாயிண்டரில் வைத்து அனுப்பியிருந்ததால், நேரடியாக அனுப்பினால் ஜிசிசி என்ற கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தரும் எச்சரிக்கையும் வரவில்லை.

செயற்கூறு முடிந்த பின்னும் அணி நிலைத்திருக்க, அதன் அறிவிப்பில் ஸ்டாட்டிக் என்று சேர்த்துப் பார்த்தேன். குப்பை எண்கள் நின்றன, ஆனால் எல்லா அழைப்புகளுக்கும் ஒரே அணி என்பதால் மாலைக் கணக்கு காலைக் கணக்கின்மேல் எழுதப்பட்டது. நிரல் ஓடும்போதே நினைவகம் கேட்டு வாங்கும் மேலாக் மூலம் இடம் பெறலாம். வாங்கிய இடத்தை ஃப்ரீ செய்யும் (விடுவிக்கும்) பொறுப்பு அழைப்பவர் தலையில் விழும் என்பதால், நாளெல்லாம் ஓடும் நிரலுக்கு அது எனக்கு ஒப்பவில்லை. ஆகவே அழைக்கும் இடத்திலேயே அணியை அறிவித்து, அதன் பாயிண்டரையும் உறுப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பினேன். செயற்கூறு அதை நிரப்பி, எத்தனை நிரப்பியது என்பதை மட்டும் திருப்பித் தருகிறது. எண்ணிக்கையைத் தனியே அனுப்பியே ஆகவேண்டும், ஏனெனில் செயற்கூற்றுக்குள், ஒன்றின் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் கேட்டால் அணியின் அளவு கிடைக்காது; பாயிண்டரின் அளவான 8 பைட்தான் 64 பிட் கணினியில் கிடைக்கும்.