நெய்வேலிப் புகை சிலிண்டரில் வராது

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் சோதனை என்றால், கடலூர் மாவட்டத்தில் உடனே நினைவுக்கு வருவது நெய்வேலி. 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் எடுக்கும் ஊர். ஆனால் ஆய்வகத்தில் நைட்ரஜன் சிலிண்டர் ஒன்று, கரியமில வாயு சிலிண்டர் ஒன்று. இரண்டையும் கலந்துவிட்டு அதற்குப் 'புகை' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான்.

நிலக்கரிப் புகையில் கரியமில வாயு ஏறத்தாழ 12 முதல் 14 சதவீதம். வில்லங்கம் இருப்பது மிச்சத்தில். பிரித்தெடுக்கப் பயன்படும் அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு, 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் விட்டுவிட வேண்டும். கந்தக டை ஆக்சைடு நுழைந்தாலோ, அமீனோடு உப்பாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சூடாக்கினாலும் விடாது. ஆக்சிஜன் அமீனை மெல்ல அரிக்கும். புதுக் கரைசல் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். நாளாக ஆகத் தேன் நிறம், பிறகு கடுந்தேநீர் நிறம். தேதி எழுதிய கண்ணாடிக் குப்பிகளில் எடுத்து ஜன்னலோரம் வரிசையாக வைத்தாலே தெரிந்துவிடும். மூன்று நாள் சோதனையில் இதில் எதுவும் தெரியாது. கனடாவின் பவுண்டரி டேம் அனல்மின் நிலையத்திலும் எரிவது பழுப்பு நிலக்கரிதான். 2014-ல் தொடங்கிய அந்தப் பிரிப்பு ஆலையைச் சாம்பலும் அமீன் சிதைவும் இலக்கை எட்டவிடாமல் பல ஆண்டுகள் படுத்தின.

அடுத்து ஈரம். வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். புகையிலும் நீராவி அதிகம். 15 சதவீத நீராவியுள்ள புகையில் கரியமில வாயு 12 சதவீதம் என்றால், அதே புகையை உலர்த்தி அளந்தால் 14.1 காட்டும். நுழைவில் உலர் அளவையும் வெளிவாயிலில் ஈர அளவையும் எடுத்துவிட்டு, திறன் கூடிவிட்டதென்று ஒரு மதியம் முழுக்க மகிழ்ந்தவன் நான்.

மார்கழியில் மட்டும் சோதிக்காதீர்கள். குளிர்ந்த கரைசல்தான் நன்றாக உறிஞ்சும். அக்னி நட்சத்திரத்தில் குளிர்விக்கும் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும்போது கரைசல் வாயுவை உறிஞ்சும் அதே கோபுரம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். காரைக்கால் எரிவாயு மின் நிலையத்துக்கு நிலக்கரி எண்களைத் தூக்கிப் போவதும் ஆகாது. எரிவாயு டர்பைன் புகையில் கரியமில வாயு 3, 4 சதவீதம்தான், ஆக்சிஜனோ பல மடங்கு.

'90 சதவீதம் பிடித்தோம்' என்ற பெருமைதான் எனக்கு மிகவும் எரிச்சல். 100 மெகாவாட் நிலையம் மணிக்கு 100 டன் கரியமில வாயு வெளியிடுகிறது, 90 டன் பிடிபடுகிறது என்று வையுங்கள். அமீனைச் சூடாக்கும் நீராவியும் வாயுவை அழுத்தும் கம்ப்ரசரும் 25 மெகாவாட்டை விழுங்கினால், அதை ஈடுகட்ட வேறொரு நிலக்கரி நிலையம் 25 டன் வெளியிடும். உண்மையான குறைப்பு 65 டன்தான். அதனால்தான், யார் சோதனை அறிக்கை நீட்டினாலும், நீராவிக் குழாயில் மீட்டர் இருந்ததா என்று முதலில் கேட்கிறேன்.