ஏசிடி அறிவியல் பகுதி: முதலில் வரைபடத்தைப் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் ஏசிடி தேர்வில் அறிவியல் பகுதி இருக்கிறது என்றதும், பலர் பழைய வேதியியல் புத்தகத்தைத் தேடி எடுக்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை. அட்டவணையையும் வரைபடத்தையும் பார்த்து விஷயத்தைப் பிடிக்கிறீர்களா என்றுதான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள்.

2025-இல் வந்த புதிய வடிவத்தில் 40 கேள்விகள், 40 நிமிடங்கள். மதிப்பெண் 1 முதல் 36 வரை. கால்குலேட்டர் கிடையாது. இந்தப் பகுதி இப்போது கட்டாயமில்லை என்பதால், நீங்கள் குறிவைத்திருக்கும் கல்லூரி இதைக் கேட்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். தரவுப் பத்தி வந்தால் முன்னுரையைத் தாண்டி நேராக வரைபடத்துக்கோ அட்டவணைக்கோ போங்கள். எதை அளந்தார்கள், அலகு என்ன, ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா குறைகிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் கேள்விக்குப் போகலாம்.

ஓர் உதாரணம். 100 கிராம் நீரில் கரையும் பொட்டாசியம் நைட்ரேட்டின் அளவு: 20 டிகிரி செல்சியஸில் 32 கிராம், 40-இல் 64, 60-இல் 110. அப்படியானால் 50 டிகிரியில்? கொடுத்திருக்கும் விடைகள் 45, 60, 85, 130. 64-க்கும் 110-க்கும் இடையில் வருவது 85 மட்டும்தான். சூத்திரமே வேண்டாம்.

அடுத்த கேள்வி கொஞ்சம் சுற்றிவளைக்கும்: 40 டிகிரியில் அதே நீரில் 70 கிராம் போட்டால் எவ்வளவு கரையாமல் நிற்கும்? அட்டவணையில் அந்த எண் இருக்காது. 70-இல் 64-ஐக் கழித்தால் 6 கிராம். 'கரைதிறன்' என்ற சொல்லைப் பார்த்தே மிரண்டுபோகிறவர்கள் இங்கேதான் நேரத்தை விடுகிறார்கள்.

சோதனைகளை விவரிக்கும் பத்தியில், ஒவ்வொரு சோதனையிலும் எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் வைத்தார்கள் என்று இரண்டு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விகள் அதைச் சுற்றியே வரும்.

விஞ்ஞானிகள் கருத்து மோதும் பத்தியை மட்டும் முழுதாகப் படிக்கத்தான் வேண்டும். முதலாமவர் கருத்தைப் படித்து அவர் தொடர்பான கேள்விகளை முடித்த பிறகே அடுத்தவரிடம் போங்கள். நிறையப் படிக்க வேண்டியிருப்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளுவது நல்லது என்பது என் கருத்து.

பி.எச். 7-க்குக் கீழே இருந்தால் அமிலம் என்பது மாதிரி அடிப்படை அறிவு சில கேள்விகளுக்கு வேண்டும். அப்புறம், நெகட்டிவ் மார்க் இல்லை. கடைசி நிமிடத்தில் எதையும் காலியாக விடாமல் ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிடுங்கள்.