திருவல்லிக்கேணியில் ஜிம் தேடுகிறவர்களுக்கு

எனக்கு 46 வயது. பார்த்தசாரதி கோயில் பக்கம் ஒரு போர்ஷனில் குடியிருக்கிறோம். வேலை சேப்பாக்கத்தில், நாளெல்லாம் நாற்காலி. இரண்டு வருடம் முன்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வாரமே, பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளி ஏசியும் கண்ணாடிக் கதவுமாக இருந்த ஒரு ஜிம்மில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். 'இன்றைக்கே கட்டினால் பாதி விலை மேடம்' என்றார்கள். நான் போனது 11 நாள். சாயங்காலம் பைகிராப்ட்ஸ் ரோடு நெரிசலில் நீந்தி வீடு வந்து சேர்ந்த பிறகு, மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற யாருக்கு மனசு வரும்?

பணம் போன பிறகுதான் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு இது. 150 நிமிடத்துக்கு நமக்கு மெரினா இருக்கிறது, காசில்லாமல். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. என் நடைக்கு 35 நிமிடம். ஆக, ஜிம்முக்குக் காசு கொடுப்பது அந்த இரண்டு நாள் இரும்புக்காகத்தான். நின்ற இடத்திலேயே நடக்க வைக்கும் டிரெட்மில் மெஷின்கள் வரிசையாக நிற்பதைக் காட்டி விலையை ஏற்றுகிற இடம் இந்தப் பேட்டைக்காரர்களுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

தேடும்போது முதலில் தூரம். வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும், அல்லது ஆபீஸ் விட்டு வரும் வழியில். கூகுள் மேப்பை மட்டும் நம்பாதீர்கள். வெளியூர் ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன் தெருக்களில் தலையைத் தூக்கி மாடிகளைப் பார்த்தபடி நடந்து பாருங்கள். கீழே ஜெராக்ஸ் கடை இருக்கும், மாடியில் கையை மடக்கிப் புஜம் காட்டும் ஆள் படத்தோடு ஒரு போர்டு தொங்கும். அப்படியும் கண்ணில் படவில்லையா, மேன்ஷன் பையன்களைக் கேளுங்கள். எந்த ஜிம் மலிவு, எங்கே முதலாளி சிடுசிடுப்பார், எங்கே மின்விசிறி ஓடாது என்று அவர்களுக்கு அத்துப்படி. நான் இப்போது போகும் ஜிம்மைக் காட்டியதே எங்கள் தெருமுனை டீக்கடையில் நின்ற ஒரு தம்பிதான்.

இரண்டு மூன்று இடம் கிடைத்ததும், நீங்கள் தினம் வரப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். பகல் 12 மணிக்கு எந்த ஜிம்மும் காலியாக, அழகாகத்தான் இருக்கும். மாலை ஏழரைக்குப் போனால் ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் காத்திருப்பது தெரியும்.

பெண்களுக்கு இதில் தனி வில்லங்கம். 'லேடீஸ் டைமிங் இருக்கு மேடம், 11 டூ 4' என்பார்கள். வேலைக்குப் போகிறவள் அந்த நேரத்தில் எங்கே வருவது? மூன்று இடத்தில் இதே பதில். நாலாவது இடத்தில்தான் காலை 6 முதல் 8 வரை இருபாலரும் வரலாம் என்றார்கள். உடை மாற்ற அறை இருக்கிறதா, அதற்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் டம்பெல் ராக், கையில் தூக்கும் எடைகளை அடுக்கி வைக்கும் தட்டு. இதை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். பல இடங்களில் 10, 15, 20 கிலோ பளபளவென்று ஜோடி ஜோடியாக இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டிய இரண்டரையும் ஐந்தும் ஒற்றையாகக் கிடக்கும். நான் பார்த்த ஓர் இடத்தில் ஒரு இரண்டரைக் கிலோ ராக்கில் இருந்தது. அதன் ஜோடி, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது! எடுத்துத் தாருங்கள் என்றேன். பையன் எடுத்தான், கதவு படீரென்று சாத்திக்கொண்டது. அங்கே நான் சேரவில்லை. சின்ன எடைகள் ஜோடியாக இருக்கிற ஜிம்மில் புதியவர்களும் வருகிறார்கள் என்று அர்த்தம். பெஞ்சைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கேபிளில் பிசிறு தெரிந்தால் அந்த மெஷின் பக்கமே போகாதீர்கள்.

டிரெய்னர் எப்படி என்று அறிய ஒரே ஒரு நாள் பயிற்சி போதும். முழங்கால் வலி, பிரஷர் ஏதாவது உண்டா என்று கேட்காமல் நேராக எடையைக் கையில் கொடுத்தாலோ, வந்த அன்றே புரோட்டீன் டப்பாவை நீட்டினாலோ, கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். நீங்களும் 40 தாண்டியவர் என்றால் சேருவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பணம் மாதாமாதம்தான். அதிகம் போனால் மூன்று மாதம், அதுவும் முதல் மாதம் ஒழுங்காகப் போன பிறகு. சேர்க்கைக் கட்டணத்தில் பேரம் பேசலாம், எனக்கு 500 குறைத்தார்கள். ரசீது கட்டாயம் வாங்குங்கள். ஜிம்முக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலை அட்டையைக் காட்டி 18 போட்டால் கேளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ஜிம்கள் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவே செய்திருக்காது. பதிவு எண் இல்லாத ரசீதில் வரி என்று ஒரு பைசா கூட இருக்கக் கூடாது.

தனியார் ஜிம்மே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. மாநகராட்சி பல வார்டுகளில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறது. நம்முடையது 9ஆவது மண்டலம், தேனாம்பேட்டை. வார்டு அலுவலகத்திலோ மாநகராட்சி உதவி எண் 1913இலோ கேட்டால் பக்கத்தில் எது திறந்திருக்கிறது என்று விசாரிக்கலாம். மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. பெண்களுக்கான நேரத்தை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்தில்தான், கடலில் இல்லை. மெரினாவில் அலை இழுப்பு மோசம், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கிறது.

கடற்கரை நடைக்கும் சில நாள் லீவு விட வேண்டியிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மணலும் தெருவும் ஒன்றாகிவிடும். ஜனவரியில் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை நாட்களில் காலையிலேயே காமராஜர் சாலையை மறித்துவிடுவார்கள். வைகுண்ட ஏகாதசி அன்று எங்கள் தெருவை விட்டு வெளியே வருவதே ஒரு உடற்பயிற்சி. அந்த நாட்களில் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து இருபது, சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து. மாடிப்படி இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் ஜிம் முதலாளி பாய், நோன்பு மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு 12 வரை திறந்து வைப்பார். காலையில் எட்டுக்குத்தான் திறப்பார். அந்த ஒரு மாதம் மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு நான் சாயங்காலத்துக்கு மாறிக்கொள்கிறேன். சேரும்போது அந்த மாத நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.