ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? முதலில் காது கொடுங்கள்: பேச்சை மதிப்பிடும் முறை

சென்னையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு இல்லாத ஏரியாவே இல்லை. போர்டு வைக்காமல் வீட்டு மொட்டை மாடியிலோ, குடியிருப்போர் சங்க அறையிலோ நாலைந்து பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். அப்படி முதல்முறை வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் நவுன், வெர்ப், டென்ஸ் என்றுதான் ஆரம்பிப்பார்கள். பன்னிரண்டு வருஷம் பள்ளியில் படித்ததையே மறுபடி படிக்கவைத்தால், வந்தவர் இரண்டாவது வாரம் நின்றுவிடுவார். அவருக்கு என்ன வரும், எங்கே தடுக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பீடு ஒழுங்காக நடந்தால் நாளைக்கு என்ன பாடம் எடுப்பது என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே: இந்தப் பதிவில் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். வகுப்பறைப் பலகையில் அப்படி எழுதாதீர்கள். குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லும் குப்பைத்தொட்டிக்கான சொல்லும் தமிழில் ஒரே மாதிரி ‘பின்’ என்றுதான் விழும்.

படி 1: பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள்

சேர வருகிற ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்காருங்கள். எழுத்துத் தேர்வு வேண்டாம். கோடிட்ட இடத்தில் ஹேஸ், ஹேவ் சரியாக நிரப்பத் தெரிந்த ஒருவருக்கு, தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் வழி சொல்லத் தெரியாமல் இருக்கலாம். இதற்கு நேர்மாறாகவும் இருப்பார்கள்.

கேள்விகளை எளிதில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். பெயர், ஊர் எல்லாம் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பது, அதில் நிற்காதீர்கள். ‘வாட் டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?’ என்று இறந்த காலத்துக்குப் போங்கள். அப்புறம் வேலையைப் பற்றி, பிறகு ஒரு சம்பவம்: போன மழையில் உங்கள் தெருவில் என்ன ஆனது? கடைசியாகக் கருத்துக் கேட்கிற கேள்வி: பஸ் நல்லதா, மெட்ரோ நல்லதா, ஏன்? எங்கே வார்த்தை நின்றுபோகிறதோ அதுதான் அவருடைய எல்லை. அங்கேயே விட்டுவிடாமல் மறுபடி எளிதான ஒரு கேள்விக்கு இறங்கி, அவர் நன்றாகப் பதில் சொன்ன நிலையில் முடியுங்கள். திணறலோடு எழுந்துபோகிறவர் அடுத்த நாள் வரத் தயங்குவார்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நமக்கு அது நீண்ட மௌனமாகத் தெரியும். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறவருக்கு அந்த அவகாசம் தேவை.

அனுமதி கேட்டுவிட்டுப் பேச்சை போனில் பதிவு செய்யுங்கள். இந்தப் பதிவு பிறகு மிகவும் பயன்படும்.

படி 2: நிலையைக் குறியுங்கள்

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொது ஐரோப்பிய மொழி அளவுகோல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள். இலக்கணம் எவ்வளவு தெரியும் என்று அது கேட்பதில்லை. மொழியை வைத்து என்ன செய்ய முடிகிறது என்று கேட்கிறது. அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

நம் ஊர்க் காரியங்களாக மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும். எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் தன் பெயர், வேலை, வீடு இருக்கும் இடம் சொல்ல முடிகிறது என்றால் ஏ1. தி.நகர் துணிக்கடையில் வெளியூர் வாடிக்கையாளருக்கு விலை, அளவு, நிறம் சொல்லி வியாபாரம் முடிக்க முடிகிறது என்றால் ஏ2. போன வாரம் ரயிலில் பை தொலைந்ததை முதலிலிருந்து கடைசிவரை கோர்வையாகச் சொல்லி, காரணமும் சொல்ல முடிகிறது என்றால் பி1. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுவார்கள். ஏ1 ஆளையும் பி1 ஆளையும் ஒரே குழுவில் போடாதீர்கள். ஒருவர் வாயே திறக்க மாட்டார், இன்னொருவருக்குப் போரடிக்கும்.

படி 3: நாலு வரியில் ஒரு அளவுகோல்

‘பரவாயில்லை’, ‘சுமார்’ என்று எழுதிவைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. எதைக் கவனிக்கிறீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் நடக்கும். அதில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஆரம்பநிலைக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்:

செய்தி: சொல்ல வேண்டியது கேட்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா?
ஓட்டம்: தொடர்ந்து பேசுகிறாரா, ஒவ்வொரு வார்த்தைக்கும் நிற்கிறாரா?
மொழி: சொற்களும் வாக்கிய அமைப்பும்.
ஒலி: உச்சரிப்பு புரிகிறதா?

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மார்க். ஐந்து வேண்டாம், ஐந்து வைத்தால் சந்தேகம் வரும்போதெல்லாம் கை தானாக மூன்றுக்குப் போகும். நாலில் நடு இல்லை, தீர்மானித்தே ஆக வேண்டும். 2-க்கும் 3-க்கும் என்ன வித்தியாசம் என்பதை ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். உதாரணமாகச் ‘செய்தி’யில்: கேட்பவர் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் புரிகிறது என்றால் 2, ஒருமுறை விளக்கம் கேட்டதும் புரிந்துவிடுகிறது என்றால் 3.

படி 4: உண்மையான காரியத்தைக் கொடுங்கள்

இதுதான் முக்கியமான படி. ‘மை ஃபேவரிட் ஃபெஸ்டிவல்’ என்ற தலைப்பில் இரண்டு நிமிடம் பேசு என்றால் வருவது மனப்பாடம். அவர் எதற்காக ஆங்கிலம் கற்க வந்தாரோ அதையே செய்யச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு ஒரு ஏசி மெக்கானிக் வருகிறார் என்று வையுங்கள். ஓஎம்ஆர் பக்கம் அபார்ட்மென்ட்களில் தமிழ் தெரியாத வாடிக்கையாளர்கள் நிறைய. ஆங்கிலம் அவருக்கு வருமானம். காரியம் இது: ‘கேஸ் லீக் ஆகிறது, இன்று வர முடியாது, நாளைக் காலை வருகிறேன்’ என்று வாடிக்கையாளருக்கு போன் செய்ய வேண்டும். நிஜத்தில் போனில் முகம் தெரியாது. அதனால் நீங்கள் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருங்கள், அப்போதுதான் கைஜாடை உதவிக்கு வராது. அவர் சொல்கிறார்:

‘மேடம், யுவர் ஏசி கேஸ் லீக். டுடே ஐ நாட் கம். டுமாரோ மார்னிங் டென் ஓ க்ளாக் கம்மிங். யூ ஹவுஸ் தேர்?’

இலக்கணத்தை மட்டும் பார்க்கிறவர் சிவப்பு மையால் எல்லாவற்றையும் சுழித்துவிடுவார். நம் அளவுகோலை வைத்துப் பாருங்கள். என்ன பிரச்சினை, என்றைக்கு வருவார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. வீட்டில் ஆள் இருப்பார்களா என்றும் கேட்டுவிட்டார். செய்திக்கு 3 தாராளமாகத் தரலாம். ஓட்டம் 3. மொழி 1. ஒலி 3. மொத்தம் 10 என்று கூட்டி எழுதிவிட்டுப் போகாதீர்கள். கூட்டுத்தொகை எதையும் சொல்லாது. அந்த ஒற்றை 1-ஐப் பாருங்கள். அவருக்குத் தேவைப்படுவது மூன்றே வாக்கியங்கள்: ‘ஐ கான்ட் கம் டுடே’, ‘ஐ வில் கம் டுமாரோ அட் டென்’, ‘வில் யூ பி அட் ஹோம்?’ நாளைய பாடம் ரெடி. வில், கான்ட் இரண்டையும் அவர் தினமும் பேசும் விஷயத்திலேயே வைத்துப் பழக்கலாம்.

இப்போது அதே காரியத்தை ஒரு கல்லூரி மாணவரிடம் கொடுங்கள். ‘குட் மார்னிங் மேடம், ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று அழகாக ஆரம்பிப்பார். நடுவில் நீங்கள் ‘ஹவ் மச் வில் இட் காஸ்ட்?’ என்று கேட்டதும் நின்றுபோவார். மொழிக்கு 3, செய்திக்கு 2. இவருக்கு இன்னொரு இலக்கணப் பாடம் தேவையில்லை. எதிர்பாராத கேள்விக்குப் பதில் சொல்லும் பயிற்சி தேவை. ‘ஒன் மினிட், ஐ வில் செக்’ என்று சொல்லிச் சமாளிக்கவே கற்றுத்தர வேண்டும். அதனால் எந்தக் காரியம் கொடுத்தாலும் தயாரித்து வராத ஒரு கேள்வியை நடுவில் நுழையுங்கள்.

படி 5: தமிழிலிருந்து வரும் பிழைகளைத் தெரிந்துவையுங்கள்

நம் ஆட்கள் செய்யும் பிழைகளில் பலவற்றுக்கு நம் மொழியிலேயே காரணம் இருக்கிறது. ‘எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க’ என்பது ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ ஆகிறது. தமிழில் கேள்வி கேட்க வார்த்தைகளின் இடம் மாறுவதில்லை, அதனால் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்று வருகிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தில் வரும் ஏ, த போன்ற ஆர்ட்டிகிள்கள் நம்மிடம் இல்லாததால் அவை காணாமல் போகின்றன.

உச்சரிப்பிலும் இப்படித்தான். பேச்சில் ‘எது’வை ‘யெது’ என்றும் ‘ஒண்ணு’வை ‘வொண்ணு’ என்றும் சொல்வதால் முட்டை ‘யெக்’ ஆகும், ‘ஒன்லி’ ‘வோன்லி’ ஆகும். தமிழ்ச் சொற்கள் இரண்டு மெய் சேர்ந்து தொடங்குவதில்லை, அதனால் ‘இஸ்கூல்’. இது புத்திக் குறைவு இல்லை, மொழியின் பழக்கம் என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முகத்தில் உடனே ஒரு தெளிவு வரும்.

எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா? வேண்டாம். கேட்பவருக்குக் குழப்பம் தருவதை முதலில் எடுங்கள். ஏ, த விட்டுப்போனால் யாருக்கும் அர்த்தம் மாறிவிடாது, அது காத்திருக்கலாம். காலம் தவறினால் ஆள் நாளை வருவாரா, நேற்றே வந்துவிட்டாரா என்றே தெரியாது, அது அவசரம். தமிழ் வாசனை அடிக்கும் உச்சரிப்பைத் துடைக்க முயலாதீர்கள். புரிந்தால் போதும்.

படி 6: விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்

மாணவர் ‘எஸ்டர்டே ஐ கோ டு கோயம்பேடு’ என்கிறார். நீங்கள் ‘ஓ, யூ வென்ட் டு கோயம்பேடு’ என்று சரியாகத் திருப்பிச் சொல்கிறீர்கள். அவர் ‘எஸ், எஸ்’ என்று தலையாட்டிவிட்டு மேலே போகிறார். திருத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

1997-இல் லிஸ்டர், ரான்டா என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் கனடாவில் பிரெஞ்சு மூலம் பாடம் நடக்கும் வகுப்புகளை ஆராய்ந்தபோது கண்டது இதைத்தான். ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தியது இந்த முறை. மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனித்துப் பதில் தந்ததும் இந்த முறைக்குத்தான். மாறாக, அவரையே திருத்திக்கொள்ள வைக்கும் தூண்டுதல்களுக்குப் பலன் அதிகமாக இருந்தது. ஆகவே ‘எஸ்டர்டே ஐ...?’ என்று இழுத்து நிறுத்துங்கள். தானே ‘வென்ட்’ என்பார். வரவில்லை என்றால் அப்புறம் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போது குறுக்கிடக் கூடாது. காகிதத்தில் குறித்துக்கொண்டு, முடிந்தபின் இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் எடுங்கள்.

வகுப்பில் தமிழ் பேசலாமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாக. என்ன செய்ய வேண்டும் என்பதை ஏ1 ஆட்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தால் பாதி நேரம் போய்விடும். தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தை அவர்கள் ஆங்கிலம் பேசக் கொடுங்கள்.

படி 7: உங்கள் மார்க்கையும் சோதியுங்கள்

காலையில் கேட்டவருக்குத் தாராளமாகவும், வகுப்பு முடிகிற நேரத்தில் களைப்போடு கேட்டவருக்குக் கறாராகவும் மார்க் விழும். நன்றாகப் பேசிய ஒருவருக்கு அடுத்து வருபவர் சும்மாவே பாவம். அதனால் ஒரு வாரம் கழித்து, பழைய மார்க்கைப் பார்க்காமல், பதிவை மட்டும் கேட்டு மறுபடி மார்க் போடுங்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நல்லது. ஒரு வரியில் மட்டும் அடிக்கடி வேறுபட்டால், அந்த வரியின் விளக்கம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். அதைத் திருத்தி எழுதுங்கள். உங்களைப் போல வகுப்பு எடுக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவரையும் அதே பதிவுக்கு மார்க் போடச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 8: மாதம் ஒருமுறை மறுபடி

அதே மாதிரிக் காரியம், விவரம் மட்டும் வேறு. மெக்கானிக்குக்கு இந்த முறை: உதிரிபாகம் கிடைக்கவில்லை, செலவு கூடும், வாடிக்கையாளர் கோபப்படுகிறார். அதே அளவுகோலில் மார்க் போடுங்கள். பிறகு முதல் நாள் பதிவையும் இன்றையதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, ‘என்ன மாறியிருக்கு?’ என்று முதலில் அவரையே கேளுங்கள். நாம் கவனிக்காததைக்கூடச் சொல்வார்கள். அதன்பின் நன்றாக வந்த ஒன்று, அடுத்த மாதம் பழக வேண்டிய ஒன்று, இரண்டை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மார்க்கைப் பெரிதாக எழுதினால் கண் அதிலேயே நின்றுவிடும், சீட்டில் உள்ள வாக்கியத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

பதிவுகளைக் குழு வாட்ஸாப்பில் போடவே கூடாது, நன்றாகப் பேசியதாக இருந்தாலும். வகுப்பு முடிந்து போகும்போது அவரவர் பதிவை அவரவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.